செப்டிக் ஷாக் வரப்போகிறதா? அவசரப் பிரிவில் எந்த அளவுகோலை நம்புவது

தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினையாற்றி, தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் செப்சிஸோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களில் பலர் நன்றாகப் பேசிக்கொண்டே வருகிறார்கள். மேல் ரத்த அழுத்தம் 110 இருக்கும். அவர்களில் யார் சில மணி நேரத்தில் ஷாக்குக்கு, அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலைக்கு, போவார் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிந்தால் உயிர் காக்கலாம். 2016-இல் வந்த செப்சிஸ்-3 வரையறைப்படி, போதுமான திரவம் ஏற்றிய பிறகும் சராசரி தமனி அழுத்தம் 65-க்குக் குறையாமல் காக்க வாசோப்ரெஸர் (ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும்) மருந்து தேவைப்பட்டு, உடல் நெருக்கடியில் ரத்தத்தில் ஏறும் லாக்டேட்டும் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் அது செப்டிக் ஷாக். அந்த நிலையை எட்டியவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையிலேயே இறக்கிறார்கள். எனவே நான் ஒவ்வொரு அளவுகோலிடமும் கேட்பது ஒன்றுதான்: இது வருமுன் சொல்கிறதா, வந்தபின் சொல்கிறதா?

உடல் முழுதும் பரவும் அழற்சியை அளக்கும் 1992-இன் சர்ஸ் (SIRS) அளவுகோல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சல், 90-ஐத் தாண்டிய நாடித்துடிப்பு, வேகமான மூச்சு, ஏறியோ இறங்கியோ இருக்கும் வெள்ளையணு எண்ணிக்கை. சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் இவற்றில் இரண்டு தேறிவிடும். செப்சிஸைச் சந்தேகிக்க உதவும், ஷாக்கைக் கணிக்க உதவாது.

படுக்கையருகே போடும் சுருக்க மதிப்பெண்ணான க்யூசோஃபாவின் (qSOFA) சிக்கல் நேர் எதிரானது. மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், நினைவு மாற்றம், மேல் அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழ்: மூன்றில் இரண்டு இருந்தால் ஆபத்து. ஆய்வகம் வேண்டாம், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அழுத்தம் 100-க்கு இறங்கி, மனமும் குழம்பிய ஒருவரைப் பார்த்து அபாயம் என்று சொல்ல மதிப்பெண் எதற்கு? இது பாசிட்டிவ் என்றால் உடனே செயல்பட வேண்டும். நெகட்டிவ் என்பதை வைத்து யாரையும் காத்திருக்க வைக்கக் கூடாது. சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதலும் 2021-இல், சர்ஸ், நியூஸ் (NEWS என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண்) போன்றவை இருக்கும்போது க்யூசோஃபாவை மட்டும் வைத்துச் சலித்தெடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

நியூஸ் அதைவிட மேல். மூச்சு, ஆக்சிஜன் அளவு, செயற்கை ஆக்சிஜன், அழுத்தம், நாடி, நினைவு, வெப்பநிலை என ஏழையும் படிப்படியாக எடைபோடுகிறது. 5 வந்தால் அவசரமாகப் பார்க்க வேண்டும், 7 என்றால் நெருக்கடி. ஆனால் நிமோனியா நோயாளிக்கு ஆக்சிஜன் குறைவாலேயே மதிப்பெண் எகிறும். மோசமான நோயாளி என்பது தெரியும். மோசமாவது நுரையீரலா, ரத்த ஓட்டமா என்பது தெரியாது.

அந்த இடத்தில் ஷாக் இண்டெக்ஸ் கைகொடுக்கும். நாடியை மேல் அழுத்தத்தால் வகுத்தால் போதும். இயல்பு 0.5 முதல் 0.7 வரை. அழுத்தம் 110, நாடி 124 உள்ளவருக்கு அது 1.1-ஐத் தாண்டுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் பதறவைக்காத இரண்டு எண்கள், சேர்ந்தால் எச்சரிக்கின்றன. இதயம் ஓடி ஓடி அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்று பொருள். ஓட்டைகளும் உண்டு. நாடியைக் கட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்பவரின் நாடி அவ்வளவாக ஏறாது. வழக்கமாக 170 அழுத்தம் உள்ள முதியவர் 120-க்கு இறங்கி, நாடி 80 என்றால் இண்டெக்ஸ் 0.67, இயல்பு போலவே காட்டும்.

உண்மையான போட்டி லாக்டேட்டுக்கும், விரல் நுனியை அழுத்திப் பார்க்கும் சோதனைக்கும் இடையில்தான். அழுத்தம் சரியாக இருந்தும் லாக்டேட் 4-ஐத் தொட்டவர் மறைந்த ஷாக்கில் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் அந்தத் திறன் மற்ற எண்களுக்கு இல்லை. ஆனால் வலிப்பு, கல்லீரல் செயலிழப்பு, அட்ரினலின், ஆஸ்துமா மருந்தான சால்பூட்டமால் ஆகியவையும் லாக்டேட்டை ஏற்றும். இயல்பான லாக்டேட்டோடு அழுத்தம் சரிபவர்களும் உண்டு. 2-க்கும் 4-க்கும் நடுவே வரும் ஒற்றை அளவை வைத்து முடிவெடுப்பது கடினம். இரண்டு மணி நேரம் கழித்து அது இறங்கியதா, ஏறியதா என்பதே பேசும்.

விரல் நுனியை 10 விநாடி அழுத்திவிட்டு, நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆனால் நுண்குழாய் ஓட்டம் தளர்ந்திருக்கிறது. 2019-இல் வெளியான ஆண்ட்ரோமீடா-ஷாக் ஆய்வில், இதைப் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்களில் 34.9 சதவீதமும், லாக்டேட்டைப் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்களில் 43.4 சதவீதமும் 28 நாட்களில் இறந்தனர். புள்ளியியல் எல்லையை அந்த வேறுபாடு மயிரிழையில் தொடவில்லை. அவர்கள் ஏற்கெனவே ஷாக்கில் இருந்தவர்கள் என்பதால், கணிப்புக்கான சான்றாக இதை நீட்டிவிட முடியாது. கை குளிர்ந்திருந்தாலும், வெளிச்சம் குறைந்தாலும், பார்ப்பவர் மாறினாலும் விநாடி மாறும். ஆனால் அரை மணிக்கு ஒருமுறை செலவில்லாமல் பார்க்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக இதை நான் விடமாட்டேன்.

கணினிக் கணிப்புகள் மீது எனக்கு எதிர்பார்ப்பு உண்டு, அவசரம் இல்லை. 2015-இல் வந்த ட்ரூஸ்கோர் (TREWScore) என்ற கணினி மதிப்பெண், ஷாக்குக்கு இடைநிலை அளவாக (மீடியன்) 28 மணி நேரம் முன்பே எச்சரித்ததாகக் காட்டியது. அது தீவிர சிகிச்சைப் பிரிவில் குவிந்த தரவு. அவசரப் பிரிவின் முதல் மணி நேரத்தில் அவ்வளவு தரவு ஏது? அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட, மருத்துவமனை மென்பொருள் நிறுவனமான எபிக்கின் செப்சிஸ் மாதிரியை 2021-இல் வெளியாட்கள் சோதித்தபோது, மூன்றில் இரண்டு செப்சிஸ் நோயாளிகளை அது தவறவிட்டது. இன்னொரு இடத்தில் சோதிக்கப்படாத மாதிரியை நோயாளியின் தலைமாட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்றைய நிலையில் என் தேர்வு: வாசலில் நியூஸ், ஒவ்வொரு அழுத்த அளவீட்டோடும் ஷாக் இண்டெக்ஸ், முதல் ரத்தத்திலேயே லாக்டேட், இடையிடையே விரல் நுனி. இந்தப் பட்டியலில் எதிலும் பதிவாகாமல் நழுவுகிறவர் ஒருவர் இருக்கிறார். ஒருமுறை அழுத்தம் 85-க்கு இறங்கி, ஒரு லிட்டர் திரவத்தில் 115-க்கு ஏறியவர். இப்போதைய எண்கள் எல்லாம் அழகாக இருக்கும், வார்டுக்கு அனுப்பச் சொல்லும். இப்படி வந்து மறைந்த தாழ்வழுத்தம் பின்னாளைய ஷாக்கின் வலுவான முன்னறிகுறிகளுள் ஒன்று. அந்த 85 கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அவரை வார்டுக்கு மாற்றும் முன் இரண்டாவது லாக்டேட் கைக்கு வந்திருக்க வேண்டும்.