தலைசுற்றலுக்குக் கழுத்தில் ஸ்டென்ட்: வேலூரில் நாங்கள் தப்பிய கதை

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று, அக்கினி வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற அப்பாவுக்குத் தலை சுற்றியது. வயது 74. தறியை விட்டுப் பத்து வருடம் ஆகிறது, பீடியை விடவில்லை. ரத்தக்கொதிப்புக்குச் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று சிறுநீரைப் பிரியச் செய்வது. பதறிப்போய் வேலூருக்குக் கொண்டுபோனோம். வங்காளத்திலிருந்து ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து வைத்தியத்துக்கு வருகிற ஊர் ஆயிற்றே, எந்த வாசலில் நுழைந்தால் என்ன என்று நினைத்தேன்.

புகார் கொடுத்திருக்கிறேன். அது முடியும்வரை அந்தத் தனியார் மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை.

குளுக்கோஸ் ஏறிய ஒரு மணி நேரத்தில் அப்பா எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். கழுத்தில் டாப்ளர் ஸ்கேன், அதாவது ரத்தம் பாயும் வேகத்தை அளக்கும் ஸ்கேன், எடுத்தார்கள். மாலையில் 'ஆலோசகர்' என்று அட்டை தொங்கவிட்ட ஒருவர் வந்தார். அவர் டாக்டரே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மூளைக்குப் போகிற கழுத்து ரத்தக்குழாயில் 80 சதவீத அடைப்பாம். இன்று இரவே பலூனால் விரித்து, குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைக்காவிட்டால் விடியும்வரை உத்தரவாதம் இல்லையாம். முன்பணம் 75,000 ரூபாய், காப்பீட்டு அட்டை இதற்குச் செல்லாது. ஆங்கிலத்தில் ஆறு பக்கப் படிவம். அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

காப்பாற்றியது அக்கா மகள். சென்னையில் ஸ்கேன் மையத்தில் வேலை செய்கிறாள். ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். கோப்பைத் தர மாட்டோம் என்றார்கள், சத்தம் போட்டுத்தான் வாங்கினேன். பத்து நிமிடத்தில் அழைத்தாள்.

"மாமா, ரத்தம் பாயும் வேகம் நொடிக்கு 140 சென்டிமீட்டர் என்று இருக்கிறது. 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு என்றால் பொதுவாக 230-ஐத் தாண்டும். கீழே அவர்களே '50 முதல் 69' என்று அச்சடித்திருக்கிறார்களே, 80 எங்கிருந்து வந்தது? தாத்தாவுக்கு ஒரு பக்கம் கை கால் மரத்ததா? வாய் குழறியதா? ஒரு கண்ணில் திரை விழுந்தது போலப் பார்வை போய் வந்ததா?"

எதுவுமே இல்லை. ஆலோசகரிடம் போய் 80-ஐப் பற்றிக் கேட்டேன். "அனுபவப்பட்ட கண்ணுக்குத் தெரியும்" என்றார்.

'மருத்துவ அறிவுரைக்கு மாறாக' என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். பில் 41,600 ரூபாய். காபி குடித்த மனிதருக்குத் தீவிரச் சிகிச்சைப் பிரிவு வாடகை உட்பட.

வேறொரு மருத்துவமனையில் நரம்பியல் டாக்டர் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தார். குறுகல் 55 சதவீதம் அளவில். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் பீய்ச்சுகிறதே, அதுபோலக் குறுகிய இடத்தில் ரத்தம் வேகமாகப் பாயும், அந்த வேகத்தை வைத்துத்தான் அடைப்பைக் கணிக்கிறோம் என்றார். வெறும் தலைசுற்றலை இந்தக் குழாயின் தலையில் கட்ட முடியாது. இவருக்கு ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, பீடிக்கு முழுக்கு, ஆறு மாதத்தில் மறு ஸ்கேன், இவ்வளவுதான்.

அவர் சொன்ன இன்னொன்று என்னை உறைய வைத்தது. விரிக்கும்போது குழாயை அடைத்திருக்கும் படிவு உடைந்து துணுக்குகள் மூளைக்குப் போகலாம். அதைத் தடுக்கக் குடைபோன்ற வடிகட்டி வைத்தும், சிகிச்சையே பக்கவாதத்தைக் கொண்டுவருவது உண்டு. 2010-இல் வெளியான, ஸ்டென்டையும் அறுவையையும் ஒப்பிட்ட, 2,502 பேரைக் கொண்ட கிரெஸ்ட் ஆய்வில், ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பக்கவாதமும், குழாயைத் திறந்து சுத்தம் செய்யும் எண்டார்டெரெக்டமி அறுவைக்குப் போனவர்களுக்கு மாரடைப்பும் கூடுதலாக இருந்தன. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு அறுவையே மேலாக இருந்தது. அப்படி ஓர் அறுவை இருப்பதாகக்கூட எங்களிடம் யாரும் வாய் திறக்கவில்லை.

ஸ்டென்டே கூடாது என்று சொல்லவில்லை. கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்கள், அறுவையைத் தாங்காத இதயம் உள்ளவர்கள் போன்றோருக்கு அதுதான் வழியாக இருக்கலாம். அக்கா மகள் கேட்ட மூன்றில் ஒன்று வந்து பத்தே நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே ஓடுங்கள், அங்கே அவசரம் நிஜம். ஓடினாலும் ரிப்போர்ட்டை உங்கள் கையில் வாங்கி, அச்சடித்த எண்ணை நீங்களே பாருங்கள்.

சிறுநீர் மாத்திரையின் அளவைக் குறைத்த பிறகு அப்பாவுக்குத் தலைசுற்றல் இல்லை. டாப்ளர் படங்களைக் கேட்டு மூன்று முறை போய்விட்டேன். முதலில் கணினி பழுது, அடுத்து ஆள் விடுப்பு. மூன்றாவது முறை அந்த ஆலோசகரின் நாற்காலியில் வேறொருவர் இருந்தார், அதே அட்டையோடு.