எக்ஸெல் ஷீட் செய்து வாங்குபவர்கள் கவனத்துக்கு

டீலர் கமிஷன் கணக்குக்கு வெளியாள் ஒருவரிடம் காசு கொடுத்து ஷீட் செய்து வாங்கினோம். ஒரு டீலருக்குப் போக வேண்டிய தொகை இன்னொருவர் பெயரில் ஏறி நிற்கிறது. கேட்டால் "உங்க டேட்டாலயே டூப்ளிகேட் இருக்கு சார்" என்று கையை விரித்துவிட்டார். அது டூப்ளிகேட்டே இல்லை.

எங்கள் பட்டியல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற விற்பனை மென்பொருளிலிருந்து வருகிறது. அதன் ரிப்போர்ட்டில் வரும் ஐடி 15 எழுத்து, அதில் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. கடைசியில் பெரிய பி இருந்தால் ஒரு டீலர், சின்ன பி இருந்தால் வேறொருவர். ஆனால் பட்டியலில் தேடி எடுத்துத் தரும் எக்ஸெலின் வீலுக்அப் ஃபங்ஷனுக்கு இரண்டும் ஒன்றுதான், ஃபால்ஸ் போட்டுத் துல்லியமாகத் தேடச் சொன்னாலும் மேலிருந்து பார்த்து முதலில் கிடைத்ததைக் கொடுத்துவிடும், பிழை என்று எதுவும் காட்டாது, அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது. எக்ஸ்லுக்அப், மேட்ச், கவுண்ட்இஃப் ஃபங்ஷன்கள் எல்லாம் அப்படியே. கூகுள் ஷீட்ஸின் வீலுக்அப்பும்தான்.

இது தெரியாமல் இருந்ததைக்கூட விட்டுவிடலாம். சரிசெய்கிறேன் என்று அவர் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரே மாதிரி வரிகளை நீக்கும் ரிமூவ் டூப்ளிகேட்ஸ் ஓட்டினார். அதுவும் பெரிய, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது, உண்மையான டீலர்களின் வரிகளே காணாமல் போயின. அப்புறம் மிச்சமிருந்த ஐடி எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக மாற்றிவிட்டார், அதாவது ஆளைப் பிரித்துக் காட்டிய ஒரே அடையாளமும் போச்சு. இத்தனைக்கும் மேல் 'டேட்டா கிளீனிங்' என்று தனிக் கட்டணம் வேறு!

வழி இருக்கிறது. எக்ஸாக்ட் ஃபங்ஷன் பெரிய, சின்ன எழுத்து வித்தியாசத்தையும் பார்த்து ஒப்பிடும். தேடும் ஐடியை ஐடி இருக்கும் நெடுவரிசை முழுவதோடும் எக்ஸாக்டில் ஒப்பிட்டு, மேட்ச்சில் ஐடிக்குப் பதிலாக ட்ரூவைத் தேடச் சொல்லி, கடைசியில் 0 போட்டு, வரும் வரிசை எண்ணை இண்டெக்ஸுக்குக் கொடுத்தால் சரியான ஆள் வருவார். பழைய எக்ஸெல் என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். சேல்ஸ்ஃபோர்ஸ்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி 18 எழுத்து ஐடி. கூடுதலாக வரும் மூன்று எழுத்தும் எந்தெந்த எழுத்து பெரியது என்பதைக் குறிப்பவை, அதனால் வீலுக்அப்பும் குழம்பாது. ஃபார்முலா ஃபீல்டில் கேஸ்சேஃப்ஐடி என்ற ஃபங்ஷனைப் போட்டு ரிப்போர்ட்டிலேயே எடுத்துவிடலாம்.

ஷீட்டை வாங்கும்போது, ஒரு எழுத்து மட்டும் ஒன்றில் பெரியதாகவும் மற்றதில் சின்னதாகவும் உள்ள இரண்டு ஐடிகளை வெவ்வேறு பெயர்களோடு போட்டு அவர் முன்னாலேயே தேடிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தால் மீதிக் காசைக் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் ஃபைலின் நகலையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் கணக்கைத் திரும்ப எடுக்க முடிந்தது அதனால்தான்.