காட்டு வேலைக்கு முதுகுல மாட்டுற பேபி கேரியர், மூணு மாசம் யூஸ் பண்ண அனுபவம்

பாப்பாவுக்கு எட்டு மாசம் ஆனப்போ லீவு முடிஞ்சு திரும்ப ஃபீல்டுக்கு போக வேண்டியதாச்சு. மொரிஷியஸ்ல பிளாக் ரிவர் கோர்ஜஸ் பார்க், மக்காபே காடு. தரையில ஒரு மீட்டர் சதுரத்துக்கு ஃபிரேம் வச்சு, அதுக்குள்ள கருங்காலிக் கன்னு எத்தன முளைச்சிருக்கு, காட்ட மூடுற களையான சீனக்கொய்யா எத்தன இருக்குன்னு எண்ணுறதுதான் என் வேலை. அம்மா போன்ல "ஏட்டி, கைப்புள்ளைய தூக்கிட்டு காட்டுக்கா போறே"ன்னு ஒரே சத்தம். இங்க விஷப் பாம்பும் கிடையாது மலேரியாவும் கிடையாதும்மான்னு சொல்லித்தான் சமாதானம் பண்ணேன். சிக்குன்குன்யா இருக்கு, அதனால கொசுவலை எப்பவும் கூடவே இருக்கும்.

கேரியர் அலுமினிய ஃபிரேம் வச்சது, செகண்ட்ஹேண்ட்ல வாங்கினது. வெறும் கேரியரே மூணு கிலோ, பாப்பா எட்டு கிலோ, அதுக்கு மேல டயப்பரு தண்ணின்னு சேத்தா பன்னெண்டு தாண்டிரும். ஆனா இடுப்பு பெல்ட்ட நல்லா இறுக்கிட்டா பாரம் இடுப்புல இறங்கிருது, தோள் வலி இல்லவே இல்ல, நடக்குறதுக்கு அருமையான சாமான்.

வேலை பாக்கத்தான் சரிவரல. கன்ன அளக்க குனிஞ்சா பாப்பாவோட பாரம் மொத்தமும் என் தலைக்கு மேல சாயுது, பெல்ட் போட்டிருந்தாலும் பக்குன்னு இருக்கும். கொய்யாப் புதர்ல நுழைஞ்சா மேல இருக்குற வெயில் மறைப்பு கிளையில மாட்டிக்கும். கீழ இறக்கி ஸ்டாண்ட்ல நிக்க வைக்கலாம்னா சரிவுல ஈர மண்ணுல அது நிக்காது, கைய எடுக்கவே கூடாது. கடைசியில என் வீட்டுக்காரர் தூக்கிக்க நான் எண்ணுறேன்னு முடிவாச்சு. தனியா போறவங்க இத நம்பி இறங்காதீங்க, கூட ஒரு ஆள் கண்டிப்பா வேணும்.

இன்னொண்ணு, இத யாரும் சொல்ல மாட்டாங்க. ஜூலைல பார்க்கோட மேட்டுப் பகுதியான பெத்ரேன் பக்கம் நல்ல குளிரு, தூறல் வேற. தூக்கிட்டு நடக்குற நமக்கு வேர்த்து ஊத்தும், முதுகுல அசையாம உக்காந்திருக்குற புள்ளைக்கு கால் விரல் ஐஸ் மாதிரி ஆயிருது. அரை மணிக்கு ஒருதரம் இறக்கி விரலையும் கழுத்தையும் தொட்டுப் பாத்துருங்க. ரெண்டு சாக்ஸ் போட்டு அதுக்கு மேல என் பழைய காட்டன் துப்பட்டாவ சுத்தினது நல்லா வேலை செஞ்சுது.

தானா நிமிந்து உக்காரத் தெரியாத குழந்தைக்கு இது வேண்டவே வேண்டாம். அதுக்கு முன்னாடி நெஞ்சோட கட்டுற துணி கேரியர்தான், புள்ளையோட தாடை அது நெஞ்சுலயே முட்டாம மூஞ்சி எப்பவும் நம்ம கண்ணுக்கு தெரியணும்.

ஒருநாள் ஒரு பிங்க் புறா தலைக்கு மேல கிளையில வந்து உக்காந்துச்சு. 1990ல காட்டுல பத்து போலத்தான் மிச்சம் இருந்த பறவை. பாப்பா அதப் பாத்து "ஊ"ன்னா, அது கழுத்த சாச்சு இவளையே பாக்குது. நான் பென்சில கீழ வச்சிட்டேன், அவரும் அசையல.

விக்குறீங்களான்னு ரெண்டு பேர் கேட்டாங்க. இப்ப இல்ல, செப்டம்பர்ல கன்னு எண்ண வேண்டிய இடம் இன்னும் பத்து பாக்கி இருக்கு.