பியர் பிரியருக்குப் பரிசு தேடுகிறீர்களா? இந்த மினி கெக் செட் பக்கம் போகாதீர்கள்

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். பியர் பிரியர்களுக்கான பரிசு என்று ஒருமுறை தேடிவிட்டால் போதும், அப்புறம் ஃபேஸ்புக்கைத் திறந்தாலும் இன்ஸ்டாகிராமைத் திறந்தாலும் ஒரே செட் விளம்பரமாக வந்துகொண்டே இருக்கும். 4 லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மினி கெக் (பியர் நிரப்பி வைக்கிற சின்ன பீப்பாய்), அதற்கு ஒரு குழாய், கேஸ் ரெகுலேட்டர், அழுத்தம் காட்டும் கேஜ், கார்பன் டை ஆக்சைடு அடைத்த சின்னக் கார்ட்ரிட்ஜ்கள், பாட்டிலுக்குள் விடுகிற கூலிங் ஸ்டிக், எல்லாம் ஒரு மரப்பெட்டியில் அடுக்கி 189 வெள்ளி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வாங்காதீர்கள். பணம் போவதைவிட எனக்குப் பெரிய கவலை, இது ஆளைக் காயப்படுத்தக்கூடிய பொருள் என்பதுதான்.

என் அக்கா வீட்டுக்காரரின் பிறந்தநாளுக்காக வாங்கினேன். மாமா வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர், இங்கே விற்பனைக்கு இல்லாமல் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சலாம் என்பதால் பல வருடங்களாகவே அதில் ஊறிப்போனவர். அவர் பெட்டியைத் திறந்து ரெகுலேட்டரைக் கையில் எடுத்ததுமே முகம் மாறிவிட்டது. "தம்பி, இதுல ரிலீஃப் வால்வே இல்லையேப்பா" என்றார். விளம்பரப் படத்தில் இருந்த ரெகுலேட்டரில் அந்த வால்வு தெளிவாகத் தெரிகிறது, ஸ்கிரீன்ஷாட் இன்னும் என்னிடம் இருக்கிறது. வந்ததோ வேறு பொருள்.

அந்தச் சின்ன வால்வு இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கார்ட்ரிட்ஜுக்குள் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கிறது, நம்மூர் 30 டிகிரி வெயிலில் அதன் அழுத்தம் சுமார் ஆயிரம் பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு). 4 டிகிரியில் இருக்கிற பியருக்குத் தேவை வெறும் 10, 12 பிஎஸ்ஐ. இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தாங்கிக் குறைத்துக் கொடுக்கிறது கட்டைவிரல் அளவு ரெகுலேட்டர் ஒன்று. அது பழுதானால் கேஸ் முழுவதும் கெக்குக்குள் இறங்கும். ஒரு கார்ட்ரிட்ஜில் இருக்கிற 16 கிராம் கேஸ் வெளியே வந்தால் சாதாரண அழுத்தத்தில் 9 லிட்டர் இடத்தை நிரப்பும், நிரம்பிய கெக்கின் மேல்பகுதியில் அரை லிட்டர் காலியிடம்கூட இருக்காது, அப்படியானால் உள்ளே என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் அழுத்தத்தைத் தானாக வெளியே விடுவதற்குத்தான் ரிலீஃப் வால்வு.

மாமா அதில் பியர் ஊற்றவில்லை. தண்ணீரை நிரப்பி, தன்னிடம் இருந்த நல்ல கேஜை மாட்டி, பிள்ளைகளை உள்ளறைக்கு அனுப்பிவிட்டுச் சோதித்தார். ரெகுலேட்டரை முழுக்க மூடிய பிறகும் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. செட்டோடு வந்த கேஜின் முள் பூஜ்யத்தை விட்டு அசையவே இல்லை. அவர் உடனே குழாயைத் திறந்து கேஸை வெளியேற்றிவிட்டார். விவரம் தெரியாத ஒருவர் கையில் இது கிடைத்திருந்தால், முள் ஏறவில்லையே என்று இன்னும் கொஞ்சம் திருகியிருப்பார். அதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

கார்ட்ரிட்ஜ் கதை தனி. கார்ட்ரிட்ஜ் பெட்டி மேல் 'ஃபுட் கிரேடு' (உணவுக்கு ஏற்ற தரம்) என்று ஒரு ஸ்டிக்கர். அதை உரித்தால் அடியில் சைக்கிள் படம்! சைக்கிள் டயருக்குக் காற்றடிக்க விற்கிற 16 கிராம் கார்ட்ரிட்ஜ்கள் அவை. மரை ஒன்றாகவே இருப்பதால் பியர் ரெகுலேட்டரில் கச்சிதமாகப் பொருந்தும், வெளிப்பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் டயருக்குள் போகிற கேஸை உணவுக்கு ஏற்ற தரத்தில் யாரும் தயாரிப்பதில்லை, உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருக்க வாய்ப்புண்டு. ஒன்றை வெள்ளைத் துணிமேல் திறந்துவிட்டுப் பார்த்தோம், துணியில் கறை படிந்தது, மெஷின் ஆயில் வாடை. இதைத்தான் குடிக்கிற பியருக்குள் ஏற்றச் சொல்லி விற்கிறார்கள்.

கூலிங் ஸ்டிக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து நிமிடத்தில் பியர் ஜில்லென்று ஆகும் என்று அவர்கள் சொல்வது நடக்காத காரியம். 330 மில்லி பியரை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 100 கிராம் ஐஸ் உருக வேண்டும், அந்தக் குச்சிக்குள் அதில் கால்வாசி அளவு திரவம்கூட இல்லை. ஏற்கனவே குளிர்ந்த பியரைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கும், அவ்வளவுதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் அவர்களுடைய உண்மையான முகம் தெரிந்தது. வாங்கும்வரை நிமிடத்தில் பதில் போட்டவர்கள், புகார் என்றதும் காணாமல் போனார்கள். அப்புறம் "பரிசுப் பொருட்களுக்கு ரிட்டர்ன் இல்லை" என்றார்கள். பிறகு அடுத்த ஆர்டருக்கு 20 விழுக்காடு தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். மாமா சோதித்ததை எடுத்த வீடியோவை அனுப்பியதும், பொருள் வெளிநாட்டுக் கிடங்கிலிருந்து வந்தது, அங்கேயே உங்கள் செலவில் அனுப்புங்கள் என்றார்கள். வால்வு இல்லாததைப் பற்றி ஒரு வார்த்தை பதில் இல்லை.

ஆனால் ரசீதில் இங்கே பதிவு செய்த நிறுவனத்தின் எண் இருந்தது, அதுதான் கைகொடுத்தது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வரும்போதே இருந்த குறை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. பரிசுக்கு ரிட்டர்ன் கிடையாது என்று தளத்தில் எழுதி வைத்துவிட்டு இதிலிருந்து தப்பிக்க முடியாது. பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்தேன், கார்டில் கட்டியதால் வங்கியிலும் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்ப எடுத்துத் தரும்படி, கேட்டிருக்கிறேன். வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் போகிற பேநவ்வில் அனுப்பியிருந்தால் அந்த வழியே இருந்திருக்காது, அதனால் முன்பின் தெரியாத கடைக்கு தயவுசெய்து பேநவ்வில் பணம் அனுப்பாதீர்கள். ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிப்யூனலிலும் மனு போட்டாயிற்று. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே எடுக்கிறார்கள், வக்கீல் தேவையில்லை, என்னுடையதைப் போன்ற சின்னத் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான்.

மினி கெக்தான் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்றால், பியர் காய்ச்சும் சாமான் விற்கிற கடைக்கு நேரில் போய், ரெகுலேட்டரில் ரிலீஃப் வால்வு எங்கே என்று காட்டச் சொல்லி வாங்குங்கள், கார்ட்ரிட்ஜைத் தனியாக வாங்குங்கள். கண்ணாடி க்ரௌலரில் (பியர் வாங்கிப்போகிற பெரிய பாட்டில்) கேஸ் ஏற்றுகிற மூடி என்று ஒன்று வருகிறது, அதையும் தொடாதீர்கள், சாதாரண கண்ணாடி க்ரௌலர்கள் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. ஏற்கனவே இந்தச் செட்டை வாங்கியவர்கள் கார்ட்ரிட்ஜைப் பொருத்தாதீர்கள், வெயிலில் நிற்கிற காரில் வைக்காதீர்கள், பெட்டியையும் ஸ்டிக்கரையும் தூக்கிப் போடாமல் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செட் சிகப்புத் துணி விரித்த மரப்பெட்டியில் வரும், கேஜில் பிராண்டு பெயர் எதுவும் இருக்காது. என்னைப் போல ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், உங்கள் படங்களையும் டிரிப்யூனலில் காட்ட முடியுமா என்று கேட்கிறேன். தீர்ப்பு வந்ததும் இங்கேயே சொல்கிறேன்.