சாவி கொடுக்கும் அலாரம் கடிகாரம்: வாங்கலாமா என்று கேட்டவருக்கு

சாவி கொடுக்கிற பழைய மாடல் அலாரம் கடிகாரம் ஆன்லைனில் விலை இறங்கியிருக்கிறதாம். அலுவலக நண்பர் ஒருவர் லிங்க் அனுப்பி, "சார், நீங்க போனை பெட்ரூமுக்குள்ள கொண்டு போறதே இல்லையாமே, இதை வெச்சுத்தானா? வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். கேட்ட நேரம் சரியில்லை. என்னுடையது அப்போதுதான் ரிப்பேர் ஆகித் திரும்பி வந்திருந்தது. அதனால் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுகிறேன்.

தலையில் இரண்டு மணி, நடுவில் சுத்தியல், பின்னால் இரண்டு சாவி. எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை சாவி கொடுத்தால் ஒரு நாளும் இன்னும் கொஞ்சமும் ஓடும். நேரத்தில் கறார் கிடையாது. தினம் ஓரிரு நிமிடம் முன்னே பின்னே போகும். பின்பக்கம் இருக்கிற குட்டி நெம்பை 'ஸ்லோ', 'ஃபாஸ்ட்' பக்கம் மயிரிழை நகர்த்திச் சரிசெய்துகொள்ள வேண்டியதுதான்.

என் எரிச்சல் அதுவல்ல. அலாரம் முள்தான். அது 12 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. வட்டத்துக்கு 360 டிகிரி, 12 மணிக்கு 720 நிமிடம். அப்படியென்றால் முள் ஒரு டிகிரி தள்ளி நின்றாலே இரண்டு நிமிடம் மாறிவிடும். அந்தக் குட்டி வட்டத்தில் கால் மணிக்கு ஒரு கோடுதான் போட்டிருக்கிறான். 5.20க்கு எழுந்திருக்க வேண்டும் என்றால் அதை இந்தக் கடிகாரத்திடம் சொல்லவே முடியாது. "அஞ்சு, அஞ்சேகால் வாக்கில் எழுப்பு" என்று வேண்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். விடியற்காலை ரயில் பிடிக்க வேண்டிய நாட்களில் இதை நம்பி நான் படுப்பதில்லை. அன்றைக்கு மட்டும் ஹாலில் இருக்கும் போனிலும் அலாரம் வைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டிவிடுவேன்.

ஸ்னூஸ் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1956-லேயே ஸ்னூஸ் பட்டன் வைத்த கடிகாரம் விற்பனைக்கு வந்துவிட்டது. இதில் அடித்தால் அடித்ததுதான். பாதியில் பொத்தானை அமுக்கிவிட்டுத் தூங்கினால் எழுப்ப ஆளில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. காலை, மாலை என்ற வித்தியாசம் அதற்குத் தெரியாது. காலையில் பாதியில் நிறுத்தி, அப்புறம் அந்தப் பொத்தானை மறுபடி எடுத்துவிட்டால், மிச்சமிருக்கும் சாவிக்குச் சாயங்காலம் அதே நேரத்தில் இன்னொரு கச்சேரி நடக்கும். வீட்டுக்கு வந்திருந்த சம்பந்தி டம்ளரைக் கீழே போட்ட கதையெல்லாம் எங்கள் வீட்டில் உண்டு.

இப்போது ரிப்பேர் கதை. இரண்டு வாரத்துக்கு முன்னால் கடிகாரம் திடீரென்று தலைதெறிக்க ஓட ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் அதிகம் காட்டியது. நெம்பை 'ஸ்லோ' பக்கம் கடைசி வரை தள்ளியும் அடங்கவில்லை. திருச்சி மலைக்கோட்டை தெப்பக்குளம் பக்கம் மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கும் ஒரு பாயிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸ்கூட மாட்டவில்லை அவர். மேசை இழுப்பறையிலிருந்து பொத்தான் அளவு திசைகாட்டி ஒன்றை எடுத்துக் கடிகாரத்தின் முதுகில் வைத்தார். முள் அங்கேயும் இங்கேயும் அலைபாய்ந்தது. "காந்தம் ஏறிடுச்சு சார். பக்கத்துல ஸ்பீக்கர் எதுவும் வெச்சீங்களா?"

வைத்தது என் மகன். அவனுடைய புளூடூத் ஸ்பீக்கர் அதே அலமாரியில், கடிகாரத்தின் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தது. உள்ளே இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் சக்கரத்தில் முடி மாதிரி மெல்லிய சுருள்வில் ஒன்று இருக்கிறது, ஹேர் ஸ்பிரிங். காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் வில்லின் நீளம் குறைந்த கணக்கு. நீளம் குறைந்தால் ஆட்டம் வேகமாகும், கடிகாரம் ஓடும். பாய் காந்தத்தை இறக்குகிற ஒரு நீலப் பெட்டியின் சுவிட்சை அமுக்கிக்கொண்டே, கடிகாரத்தை அதன்மேல் பிடித்து மெதுவாகத் தூரம் விலக்கினார். திசைகாட்டியை மறுபடி வைத்தார். முள் அசையவில்லை. முடிந்தது வேலை. வேலை ஒரு நிமிடம்கூட இல்லை. நான் காத்திருந்தது முக்கால் மணி நேரம். வந்தது வந்தோம் என்று உள்ளே கழுவி எண்ணெயும் போடச் சொன்னேன். அதற்கு அவர் கேட்ட காசில் புதுசாக குவார்ட்ஸ் அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கி, மிச்சத்தில் டிபன் சாப்பிட்டிருக்கலாம்.

சரி, இவ்வளவு தொல்லையோடு ஏன் வைத்திருக்கிறேன்? சாவி கொடுக்கிற அந்த வேலைக்காகத்தான். படுக்கும் முன் இரண்டு சாவி. நேரத்துக்கான சாவியைத் தினமும் முறுக்கியே ஆக வேண்டும். விரலுக்கு அடியில் முதலில் லேசாகச் சுழலும், போகப் போக இறுகும், 'இதற்கு மேல் வேண்டாம்' என்று தானே சொல்லிவிடும். இரண்டாவது, அலாரத்துக்கான சாவி. நாளைக்கு எழுந்தாக வேண்டுமா என்று யோசித்த பிறகுதான் அதில் கை வைக்கிறேன். போனில் 'தினமும்' என்று ஒரு தடவை அமைத்துவிட்டால் அப்புறம் அந்த யோசனையே வருவதில்லை, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து அலறும். இதில் ஞாயிறு என்றால் அந்தச் சாவியைத் தொடுவதில்லை. ஆனாலும் ஐந்து மணிக்கு உள்ளே ஒரு கொக்கி விழும். 'டக்'. மணி அடிக்காது. பாதித் தூக்கத்தில் அந்த 'டக்' காதில் விழுந்து, புரண்டு படுக்கிற சுகம் இருக்கிறதே, அதை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

இதனால் வாழ்க்கை மாறியதா என்று நண்பர் கேட்பார். நிதானமாக வாழ்வது எப்படி என்று சொல்லித்தருகிற வீடியோக்களை அவர் நிறையப் பார்க்கிறார், அதுவும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு. மாறியது ஒன்றுதான். காலையில் கண் விழித்ததும் கை போனைத் தேடுவதில்லை. காபி குடித்து முடித்த பிறகுதான் அதன் ஞாபகம் வருகிறது. ராத்திரி விஷயத்தில் பெருமை கடிகாரத்துக்கு இல்லை, சார்ஜர் ஒயருக்கு. ஹாலில் சுவிட்ச் போர்டு உயரத்தில் இருக்கிறது, ஒயர் குட்டை. போனைப் பார்க்க வேண்டுமென்றால் நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். எவ்வளவு சுவாரசியமான வீடியோவாக இருந்தாலும் பத்து நிமிடத்தில் கால் கடுத்துவிடும். "ஏங்க, ஊர்ல அம்மாவுக்கு ஏதாவதுன்னு ராத்திரி போன் வந்தா எப்படித் தெரியும்?" என்று வீட்டில் கேட்டது நியாயமான கேள்வி. ரிங்கை முழுச் சத்தத்தில் வைத்து, கதவை ஒருக்களித்து வைக்கிறோம். இதுவரை சமாளித்தாயிற்று.

கடைசியாக டிக் டிக் சத்தம். ஃபேன் ஓடும்வரை அது பெரிதாகத் தெரியாது. கரண்ட் போனதும் அறை அமைதியாகும், கடிகாரம் பேச ஆரம்பிக்கும். மர அலமாரி என்றால் பலகையும் சேர்ந்து பேசும். மடித்த துண்டை அடியில் வைத்தால் பாதி குறையும். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுக்காரர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது குட்டை ஒயரும், சத்தம் போடாமல் நொடி முள் வழுக்கிக்கொண்டு போகிற குவார்ட்ஸ் கடிகாரம் ஒன்றும். உள்ளே நொடிக்கு 32,768 தடவை அதிர்கிற படிகம் இருக்கிறது, நேரம் தப்பாது. ஒரு பென்சில் பேட்டரி போட்டால் மாதக்கணக்கில் மறந்துவிடலாம். இல்லை, சாவி கொடுக்கிறதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஆன்லைனில் வேண்டாம். கடைக்குப் போங்கள், காதில் வைத்துக் கேளுங்கள், அலாரம் முள்ளை ஐந்தில் வைத்து, பெரிய முள்ளைச் சுற்றி எத்தனை மணிக்கு அடிக்கிறது என்று பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் தள்ளி அடித்தால் அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள்.

ஐந்துக்கு இரண்டு ஸ்டார். நேற்று ராத்திரி எங்கள் ஏரியாவில் ஒன்றரை மணி வரை கரண்ட் இல்லை.