பிள்ளைகள் படுத்த பிறகா, எழும்ப முன்னமா?

2020 மார்ச் நடுவில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடின. 20ஆம் திகதி பின்னேரம் ஊரடங்கும் வந்தது. யாழ்ப்பாணத்து வீட்டிலிருந்து கொழும்பு நிறுவனம் ஒன்றின் கணக்குகளைப் பார்த்த எனக்கு வேலைக்குக் கிடைத்தவை மூன்று நேரங்கள்: பகல், பிள்ளைகள் படுத்த பிறகு, அவர்கள் எழும்ப முன்னம். மூன்றிலும் இருந்து பார்த்தாயிற்று. என் வாக்கு விடியப்புறம் நாலு மணிக்குத்தான்.

பகலைப் பற்றி நீட்டத் தேவையில்லை. “அம்மா, மிஸ் வீடியோவை ஓன் பண்ணட்டாம்” என்று மூத்தவள் வருவாள், பசிக்குது என்று சின்னவன் வருவான். மீட்டிங்கும் ஃபோன் கதையும் பகலில் நடக்கும். வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை (வங்கிக் கணக்கையும் எங்கள் புத்தகக் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) மட்டும் அந்த நேரத்தில் தொடக்கூடாது.

இரவு முதலில் நல்லதாகத்தான் தெரிந்தது. வீடு அடங்கிவிடும், பிள்ளை இடையில் எழும்பினாலும் பார்க்க என் வீட்டுக்காரர் முழித்திருப்பார். ஆனால் சமைத்து, பாடம் சொல்லிக்கொடுத்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் பத்து மணிக்கு எக்செல்லைத் திறந்தால் மூளை எங்கே வேலை செய்யும்? சித்திரை, வைகாசி வெக்கையும் நுளம்பும் வேறு.

இதையெல்லாம் சமாளிக்கலாம். எங்கள் வீட்டில் விஷயத்தை முடித்து வைத்தது டேட்டா. எங்களுடைய பக்கேஜில் பகலுக்கு ஒரு அளவு, நள்ளிரவு தாண்டி விடியும்வரை இன்னொரு அளவு. ஸூமில் வகுப்பு முழுக்க வீடியோவோடு இருந்தால் மணிக்கு 1 ஜிபி அளவில் போய்விடும். மூத்தவளுக்கு அந்த வருடம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில். பரீட்சை ஒக்டோபர் 11க்குத் தள்ளிப்போனதால் ரியூசனும் நீண்டது. மாதம் பாதி தாண்ட முன்னமே, மிச்ச டேட்டாவைக் காட்டும் அப்பில் பகல் கோடு சிவந்துவிடும், பக்கத்தில் இரவுக் கோடு தொட ஆளில்லாமல் முழுதாகக் கிடக்கும். பத்து மணிக்கு நான் வேலைக்கு இருந்தாலும் போவது பிள்ளையின் பகல் டேட்டாதான். அதற்குமேல் வேண்டுமென்றால் காசு கொடுத்து எக்ஸ்ட்ரா போட வேண்டும். நாலு மணிக்கு எழும்பினால் அந்தக் கணக்கே மாறிவிடுகிறது. கோப்புகளை இறக்குவது, அலுவலக சேர்வருக்குள் போவது, மடிக்கணினி தன்பாட்டில் அப்டேட் ஆவது எல்லாமே இரவுக் கோட்டில் கழியும், பகல் கோடு வகுப்புக்கு மிஞ்சும். 2021 ஓகஸ்ட் 20இல் திரும்பவும் தனிமைப்படுத்தல் ஊரடங்கு வந்தபோது யோசிக்கவே இல்லை, நேரே நாலு மணிதான். அளவில்லாத பக்கேஜ் வைத்திருப்பவருக்கு இந்த வாதம் எடுபடாது, சரி.

இதற்கு விலை இருக்கிறது: ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும், கனடாவில் இருக்கும் சொந்தக்காரரின் வட்ஸ்அப் அழைப்புகளை எடுக்க முடியாது. (அதுவும் ஒரு வசதி என்பார் இவர்.)

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது சரிவருமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எங்கள் பிள்ளைகள் அப்போது ஏழும் பத்தும், விடியும்வரை அசையாமல் தூங்குகிற வயது. லண்டன் நிறுவனத்துக்கு வேலை செய்பவர்களுக்கும் இரவுதான் தோது. இங்கே பத்து மணி என்றால் கோடையில் அங்கே பின்னேரம் ஐந்தரை, கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும். எங்கள் கொழும்பு அலுவலகத்தில் நாலு மணிக்கு ஒருவரும் முழித்திருப்பதில்லை, ஆகவே கேட்க வேண்டியவற்றை முதல்நாள் பின்னேரமே கேட்டு வைத்துவிட்டுத்தான் படுப்பேன்.