மூளையும் சோஷியல் லைஃபும்: ஆன்லைன் கோர்ஸ் ரிவ்யூ, தாராளமா சேரலாம் (ஒரு பாடம் தவிர)

ஒருத்தர் நம்மள பாத்து சிரிச்சா மனசு ஏன் லேசாகுது, எல்லாரும் பேசிட்டிருக்கும்போது நம்மள மட்டும் கண்டுக்காம விட்டா ஏன் அப்படி சுருக்குன்னு இருக்கு, அந்த நேரத்துல மூளைக்குள்ள எந்த வயரிங் வேலை செய்யுதுன்னு சொல்ற வீடியோ கோர்ஸ் இது. டோபமைன்னா (மூளை செல்கள் சேதி அனுப்ப விடற ஒரு ரசாயனம்) சந்தோஷம்னு ஒத்த வரில முடிக்கிற வீடியோவா பாத்து சலிச்சவங்க கண்டிப்பா பாக்கணும்.

முதல் பாடமே அத உடைக்குது. குரங்குக்கு எதிர்பாக்காம ஜூஸ் கிடைச்சா டோபமைன் விடற செல் துடிக்கும், வரும்னு நம்பி வராம போனா அடங்கிடும், அதாவது அது காட்டுறது வெறும் சந்தோஷத்த இல்ல, எதிர்பாத்ததுக்கும் கிடைச்சதுக்கும் உள்ள வித்தியாசத்த. அந்த ஏமாத்தத்துக்கு ஹபெனுலான்னு ஒரு குட்டி பகுதி துடிக்குது, அதுதான் டோபமைன் செல்ல அமுக்குதுன்னு 2007ல மட்சுமோட்டோவும் ஹிகோசாகாவும் காட்டினாங்க. ஆனா இது ஜூஸ் வச்சு பண்ண சோதனை, உறவுக்கு அப்படியே பொருத்திடாதீங்கன்னு டீச்சரே நிறுத்தி சொல்றாங்க, அந்த நேர்மை எனக்கு ரொம்ப பிடிச்சிருந்தது.

அப்புறம் எலிக்கு வராங்க. கூட்டாளிங்களோட இருந்த இடத்தையே எலி திரும்ப தேடிப் போகும், அதுக்கு மூளைல நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ்ங்கற பகுதில ஆக்ஸிடோசின், செரோடோனின்ங்கற ரெண்டு ரசாயனமும் சேந்து வேலை செய்யணும்னு 2013ல வந்த ஆய்வு. ஆக்ஸிடோசின் மட்டும்தான் "அன்பு ஹார்மோன்"னு சொல்லிட்டு திரியறவங்களுக்கு இந்த பாடத்த போட்டு காட்டணும்.

ஆனா கோர்ஸோட உயிரே தனிமை பத்தின பாடம்தாங்க. 2016ல கே டைங்கற மூளை விஞ்ஞானியோட லேப்ல எலிய 24 மணி நேரம் தனியா வச்சிருக்காங்க, மூளைத்தண்டுல டார்சல் ராஃபேங்கற இடத்துல இருக்கற டோபமைன் செல்களோட இணைப்பு பலமாகியிருக்கு. அந்த செல்கள லைட் அடிச்சு தூண்டினா எலி அடுத்த எலிகிட்ட அதிகமா போகுது, சரி, சந்தோஷமான செல்னு நினைக்கத் தோணும், ஆனா லைட் அடிச்ச இடத்த மட்டும் அதே எலி ஒதுக்குது! அதாவது துணை தேட வைக்கிறதும் அந்த செல்தான், உள்ளுக்குள்ள ஒரு மாதிரி அவஸ்தையா இருக்க வைக்கிறதும் அதே செல்தான், பசி மாதிரி. இன்பத்துக்கு ஒரு சுவிட்சு வேதனைக்கு ஒரு சுவிட்சுன்னு பிரிச்சு யோசிக்கறவங்களுக்கு இது பெரிய திருப்பம். மனுஷங்கள்ல 2020ல பண்ணதையும் இதோட சேத்து சொல்றாங்க, 10 மணி நேரம் யாரையும் பாக்காம இருந்தவங்களுக்கு ஆளுங்க சேந்திருக்கற படத்த காட்டினா நடுமூளைல வர்ற துடிப்பு, 10 மணி நேரம் சாப்பிடாதவங்களுக்கு சாப்பாட்டு படம் காட்டினா வர்றதுக்கு ஒப்பா இருக்காம். தனியா இருக்கற பெரியவங்கள "என்ன குறை உங்களுக்கு"ன்னு கேக்கறவங்க இத ஒருதடவை பாத்தா போதும்னு தோணுச்சு.

இப்ப குறைக்கு வரேன். ஒதுக்கப்படுறத பத்தின பாடம் சரியில்ல. பந்து வீசற கம்ப்யூட்டர் கேம்ல ஒருத்தர மட்டும் விட்டுட்டு ஆடி ஸ்கேன் எடுத்த 2003 ஆய்வ சொல்லி, மனசு வலியும் உடம்பு வலியும் மூளைல ஒரே இடம்தான்னு அடிச்சு சொல்லிட்டு போயிட்டாங்க. ஒரே பகுதி வேலை செஞ்சாலும் ரெண்டுக்கும் பேட்டர்ன் தனித்தனின்னு 2014ல வந்த ஆய்வ பத்தி ஒரு வார்த்தை இல்ல. மத்த பாடத்துல அவ்ளோ கவனமா இருந்தவங்க இங்க ஏன் விட்டாங்கன்னு உண்மையிலேயே வருத்தம், அதிகமா பரவற தப்பே இந்த இடத்துலதான் இருக்கு.

முரட்டு எலிகிட்ட 10 நாள் அடி வாங்கின எலிகள்ல சிலது ஒதுங்கிப் போகுது சிலது சமாளிச்சுடுது, ஏன்னு கேக்கற பகுதியும் ரொம்ப அவசரம், அதுக்கு தனி பாடமே போட்டிருக்கலாம். குவிஸ் வெறும் மனப்பாடம், விட்டுடுங்க. ஆடியோ க்ளியர்.

பிளஸ் டூ பயாலஜி ஞாபகம் இருந்தா போதும், புரியும். டைம் இல்லாதவங்க முதல் பாடத்தையும் தனிமை பாடத்தையும் மட்டுமாவது பாருங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார், அந்த வலி பாடத்த திருத்தி போட்டா அஞ்சும் குடுப்பேன்.